ஜப்பானியக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அலுவலக நண்பரின் கல்யாணத்தில் சறுக்குவது பெரும்பாலும் மொய்க் கவரில்தான். நம் ஊர் வழக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் யாரிடமும் கேட்காமலே கிளம்பிவிடுகிறோம்.

அங்கே மொய்க்குப் பெயர் கோஷூகி. நண்பர், சக ஊழியர் என்றால் 30,000 யென். கணவன் மனைவி இருவருக்கும் அழைப்பு இருந்தால் 50,000 வைப்பது பொதுவான வழக்கம். ஆளுக்கு 30,000 என்று 60,000 வைப்பது கணக்குக்குச் சரி, ஆனால் பத்தாயிரம் யென் நோட்டுகள் இரண்டு சமபாதியாகப் பிரியும் தொகை ஆகாது. 4, 9 இரண்டுமே அபசகுன எண்கள். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று ஒரு ரூபாய் சேர்க்கும் பழக்கத்தில் நாணயம் எதுவும் போட்டுவிடாதீர்கள். அழைப்பிதழில் ‘கைஹி’ என்று கட்டணம் குறிப்பிட்டிருந்தால் அதை மட்டும் கட்டினால் போதும், தனியாக மொய் வேண்டாம். வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இதுதான் வழக்கம்.

நோட்டுகள் புதியவையாக இருக்க வேண்டும். ஏடிஎம்மில் வருபவை பெரும்பாலும் பழைய நோட்டுகள். வங்கி கவுண்டர்களோ வழக்கமாக மூன்று மணிக்கு மூடிவிடும், வார இறுதியில் திறக்காது. சனிக்கிழமை கல்யாணம் என்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கவர். கடையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மேலே கட்டியிருக்கும் கயிற்றின் முடிச்சைப் பாருங்கள். பூப்போல அவிழ்கிற முடிச்சு குழந்தை பிறப்பு மாதிரி மறுபடி மறுபடி வரலாம் என்று வாழ்த்தும் விசேஷங்களுக்கு. கல்யாணம் ஒருமுறைதான் என்பதால் அவிழ்க்க முடியாத இறுக்கு முடிச்சு வேண்டும். கறுப்பு வெள்ளைக் கயிறு துக்க வீட்டுக்கு. பெயரை அடர் கறுப்பு மையில் எழுதுங்கள். வெளிறிய சாம்பல் மையும் துக்கத்துக்குரியதே. உள் கவரில் தொகையை எழுத ‘சான்’, அதாவது மூன்று என்ற எண்ணுக்குச் சாதாரண மூன்று கோட்டு எழுத்து கூடாது. கோடு சேர்த்துத் தொகையை மாற்ற முடியாதபடி சிக்கலான பழைய எழுத்து உண்டு, அதைத்தான் போட வேண்டும். நோட்டில் உள்ள முகம் கவரின் முன்பக்கம் பார்த்து, மேலே இருக்கட்டும். வெளிக் கவரின் பின்புறம் மடிக்கும்போது கீழ் மடிப்பு மேல் மடிப்பின்மீது வர வேண்டும். தலைகீழாக மடித்தால் அது இழவுக் கவர். இதைச் சட்டைப் பையிலிருந்து உருவிக் கொடுக்காமல், ஃபுகுசா என்னும் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வரவேற்பு மேசையில் பிரித்துக் கொடுங்கள்.

உடை விஷயத்தில் ஆண்களுக்கு அடர் நிற சூட், வெள்ளைச் சட்டை, வெள்ளை அல்லது வெள்ளி நிற டை. கறுப்பு டை துக்கத்துக்கு. பெண்கள் பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம், ஆனால் அரைவெள்ளை, சந்தன நிறப் புடவைகள் வேண்டாம். புகைப்படத்தில் அவை வெள்ளையாகவே தெரியும், வெள்ளை மணப்பெண்ணுக்குரியது. தலையில் மல்லிகைப்பூவும் அன்றைக்கு வேண்டாம், நிஜப்பூவும் மணப்பெண்ணுக்கு விட்டுவைப்பதே மரியாதை.

சைவம் சாப்பிடுபவர்கள் அழைப்பிதழோடு வரும் பதில் அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் மீன் வரலாம். இறைச்சி, மீன், முட்டை, மீன் சேர்த்த தாஷிச் சாறு, ஜெலட்டின் என வேண்டாததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சூப்பிலும் குழம்பிலும் தாஷி கண்ணுக்குத் தெரியாது.

அந்த அட்டையை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். இருக்கைகள் பெயர் போட்டு ஒதுக்கப்படும், அதனால் அழைக்காத குழந்தையையோ ஊரிலிருந்து வந்த மச்சானையோ கூட்டிப்போக வழியில்லை. முகூர்த்தத்துக்குப் பிறகு போய்ச் சாப்பிட்டு வரலாம் என்பதும் நடக்காது. தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே வரவேற்பு மேசையில் இருங்கள்.

கிளம்பும்போது உங்கள் நாற்காலியருகே பெரிய காகிதப் பை இருந்தால், யாருடையதோ என்று விட்டுவராதீர்கள். அது விருந்தினருக்கான அன்பளிப்பு, உங்களுக்குத்தான்.