எம்.காம். சேருமுன் படிக்க வேண்டிய பக்கங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருவதால், இங்கே முதுகலை வணிகவியல் படிக்க விரும்புவோர் கல்லூரியின் விளம்பரத்தாளைப் பார்ப்பதற்கு முன்பாகவே அப்பல்கலைக்கழகத்தின் எம்.காம். ஒழுங்குமுறை விதிகளையும் பாடத்திட்டத்தையும் தரவிறக்கிப் படித்துவிட வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் அந்தக் கோப்பைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் முதன்முதலாகத் திறக்கிறார்கள். அதுவும் அலகுத் தலைப்புகளை மட்டும் குறித்துக்கொள்வதற்காக. உண்மையில் முதலில் படிக்க வேண்டியவை, தகுதி விதி எழுதப்பட்ட தொடக்கப் பக்கமும், ஒவ்வொரு தாளின் அடியிலும் 'கற்றல் விளைவுகள்' என்று அச்சிடப்பட்டிருக்கும் ஐந்து வரிகளுமேயாகும்.

தகுதியைப் பொறுத்தவரை, பி.காம். முடித்தவர்களுக்கும், கணினிப் பயன்பாடு, கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் போன்ற அதன் கிளைப் பிரிவுகளில் பட்டம் பெற்றவர்களுக்கும் சிக்கல் எதுவும் இல்லை. பி.பி.ஏ. போன்ற பட்டம் பெற்றவர்கள், சேர்க்கை கிடைத்துவிட்டாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் முதுகலை ஆசிரியராவது அவர்களது நோக்கமாக இருந்தால், அப்பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி சான்றிதழ் சரிபார்ப்பின்போது எழும் என்பதால், தம் பட்டம் பி.காம். பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை உள்ளதா என்பதைச் சேருவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்பணிக்கு பி.எட். பட்டமும் தேவை.

அரசுக் கல்லூரிகளில் விண்ணப்பம் இணையவழியில் பெறப்பட்டு, இளங்கலை மதிப்பெண் அடிப்படையிலும் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படியும் இடங்கள் நிரப்பப்படுகின்றன. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை எல்லோரும் எடுத்து வருவார்கள். ஆனால் ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு சென்று அங்கே பி.காம். முடித்தவர்கள், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருவோருக்குரிய இடப்பெயர்வுச் சான்றிதழையும் தகுதிச் சான்றிதழையும் கூடுதலாகத் தர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். ஆகவே இளங்கலை முடிவு வெளியான உடனே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

படிப்பு இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள் கொண்டது. கருத்தியல் தாள் ஒவ்வொன்றும் அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என மொத்தம் 100 மதிப்பெண் உடையது. இளங்கலையில் 40 எடுத்துத் தேர்ச்சி பெற்றுப் பழகியவர்களுக்கு, முதுகலையில் தேர்ச்சி மதிப்பெண் 50 என்பதே முதல் அதிர்ச்சியாக அமைகிறது. ஆனால் 50-ஐத் தாண்டினால் போதும் என்பதும் சரியன்று. கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை எழுத முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். வளமான பிரிவினர் நீங்கலான இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு மட்டுமே அது 50 விழுக்காடாகத் தளர்த்தப்படுகிறது. பொதுப்பிரிவு மாணவர் ஒருவர் 53 விழுக்காட்டுடன் பட்டம் பெற்றால், பட்டதாரியாக இருந்தும் அத்தேர்வின் வாசலுக்குள் அவரால் நுழைய முடியாது. எனவே தொடக்கத்திலிருந்தே 55-ஐத் தம் தேர்ச்சி மதிப்பெண்ணாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

இனி கற்றல் விளைவுகளுக்கு வருவோம். ஒவ்வொரு விளைவின் அருகிலும் கே1 முதல் கே6 வரை ஒரு குறியீடு இருக்கும். அவை முறையே நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் ஆகிய ஆறு படிகளைக் குறிக்கின்றன. வினாத்தாள் அமைப்பவர் இந்தப் படிகளைக் கருத்தில் கொண்டே வினாக்களைப் பிரிக்கிறார் என்பதால், விளைவின் வினைச்சொல்லைப் பார்த்தாலே அந்த அலகை எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். 'விளக்குக' என்று முடியும் அலகுக்குக் கைடு போதும். 'மதிப்பிடுக' என்று முடியும் அலகுக்குக் கைடு எந்த வகையிலும் உதவாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு ஆண்டுக்கு 7,200 டிரம்கள் தேவை. ஒரு முறை ஆர்டர் செய்யும் செலவு 500 ரூபாய். ஒரு டிரம்மை ஓராண்டு இருப்பில் வைத்திருக்க ஆகும் செலவு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்க ஒரு முறைக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்கிடும் சிக்கன ஆணை அளவுச் (EOQ) சூத்திரத்தைச் சொல்வது முதல் படி. எண்களைப் பொருத்தி, 600 டிரம்கள் வீதம் ஆண்டுக்கு 12 ஆர்டர்கள், அதாவது மாதத்துக்கு ஒன்று, என்று விடை காண்பது மூன்றாம் படி. ஆனால் அந்த ஆலை மாம்பழம் வரும் சில மாதங்களில் மட்டுமே கூழ் எடுக்கிறது. மார்கழியில் வெறும் டிரம்மை வாங்கி அது என்ன செய்யும்? ஆண்டு முழுவதும் தேவை ஒரே சீராக இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்ட சூத்திரம் பருவத் தொழிலுக்குப் பொருந்தாது என்று காட்டி, மாற்றுக் கொள்முதல் அட்டவணை ஒன்றையும், பருவகால நடைமுறை மூலதனத்துக்கான வங்கிக் கடனின் வட்டிச் சுமையையும் சேர்த்து எழுதும் மாணவரே ஐந்தாம், ஆறாம் படிகளைத் தொடுகிறார். மூன்றாம் படியில் நின்றுவிட்டவருக்குத் தேர்ச்சி கிடைக்கும். நேர்முகத் தேர்வில் வேலை கிடைப்பது கடினம்.

வரிவிதிப்புத் தாளுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்கள் மாறுகின்றன. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரட்டை வழக்கும் நீங்கி 'வரி ஆண்டு' என்ற ஒன்றே நிற்கிறது. அண்ணனோ அக்காவோ வைத்திருந்த பழைய புத்தகம் மற்ற தாள்களுக்கு உதவலாம். இந்தத் தாளுக்கு, பல்கலைக்கழகம் எந்தச் சட்டத்தின்படி தேர்வு நடத்துகிறது என்பதைத் துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டுத்தான் புத்தகம் வாங்க வேண்டும்.

இறுதியாண்டுத் திட்டக்கட்டுரைக்கு 'வாடிக்கையாளர் மனநிறைவு' என்ற தலைப்பை எடுத்து, நண்பர்களுக்கே கூகுள் படிவம் அனுப்பி, விழுக்காட்டு அட்டவணைகளால் பக்கங்களை நிரப்புவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்த இரு மாவட்டங்களில் தலைப்புக்குப் பஞ்சமில்லை. பாலக்கோட்டுத் தக்காளி விவசாயியின் பணப்புழக்கம், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியின் ஏல விலை ஏற்ற இறக்கம் ஆகியவற்றை வீட்டுக்கு அருகிலேயே ஆராயலாம். ஓசூர் சிப்காட் பெருநிறுவனங்களுக்கு உதிரிபாகம் தரும் சிறு பட்டறைகளுக்கு நிலுவைத் தொகை எத்தனை நாளில் வருகிறது என்பது இன்னும் வளமான பொருள். ஏனெனில் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் சொல்கிறது, தாமதித்தால், பணத்தை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வாங்கிய நிறுவனத்துக்கு அந்தச் செலவுக்கான வரிக்கழிவு கிடைக்கும் என்று வருமான வரிச் சட்டத்திலும் 2023-இல் விதி சேர்க்கப்பட்டது. இப்படி ஒரே கட்டுரையில் நிதி, சட்டம், வரி ஆகிய மூன்று தாள்களின் விளைவுகளும் ஒன்றுகூடுகின்றன.

பட்டறை முதலாளிகள் கணக்கைக் காட்டத் தயங்குவார்கள் என்பது உண்மைதான். கல்லூரியின் கடிதத்துடன் சென்று, தொகைகள் வேண்டாம், பில் தேதியும் பணம் வந்த தேதியும் மட்டும் போதும் என்று கேட்டால் பலர் இசைவார்கள். அந்தத் தேதிகளைக் கையால் குறித்த நோட்டை எறிந்துவிடாமல் வாய்மொழித் தேர்வுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். புறத்தேர்வாளர் முதலில் கேட்பது, தரவு எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.