முற்போக்கு அமைப்புகளுக்கு இணையதளம் செய்துதரும் சிறு ஸ்டுடியோ: தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

ஒரு தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் திங்கட்கிழமை காலையில் போன் செய்தார். சங்கத்தின் இணையதளம் திறக்கவில்லை, அலுவலக மின்னஞ்சலும் வரவில்லை என்றார். போய்ப் பார்த்தால் டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, காலாவதியாகியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் தளத்தைச் செய்துகொடுத்த ஒரு மாணவர் தன் பெயரிலேயே, தன் சொந்த மின்னஞ்சலிலேயே அதைப் பதிவு செய்திருந்தார். நல்ல மனதோடு செய்த உதவிதான். ஆனால் அவர் வேறு வேலை, வேறு ஊர் என்று போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவர் திறந்தே பார்க்காத பெட்டியில் கிடந்தன. அவரைத் தேடிப் பிடித்து டொமைனை மீட்க மூன்று வாரம் ஆனது. சம்பளப் பேச்சுவார்த்தை சூடாக நடந்த மூன்று வாரம் அது. உறுப்பினர்களுக்குச் செய்தி சொல்லச் சங்கத்துக்கு இடமே இல்லை.

எங்கள் ஸ்டுடியோவில் எல்லா வேலையையும் ஒரு கேள்வியை வைத்துத்தான் தொடங்குகிறோம்: சாவி யார் கையில்? தொழிற்சங்கம், பெண்கள் அமைப்பு, சுற்றுச்சூழல் குழு, மனித உரிமை அமைப்பு போன்றவர்களுக்கு வேலை செய்ய நினைக்கும் இரண்டு மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். தளம் செய்ய ஓரளவு தெரியும், தொழிலாக நடத்தத்தான் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: யாருக்கு வேலை, யாருக்கு இல்லை

ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். எந்தெந்த வகை அமைப்புகளுக்கு வேலை செய்வோம், எவருக்குச் செய்ய மாட்டோம், சந்தேகம் வந்தால் யார் முடிவு செய்வது. பணம் குறைந்த மாதத்தில் பெரிய வேலை ஒன்று வாசலில் நிற்கும்போது இதைப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும்.

இரண்டு பேருக்கு மேல் இருந்தால் கூட்டுறவாக நடத்துவதையும் யோசியுங்கள். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கூட்டுறவுக் கடை தொடங்கியவர்கள் கடைப்பிடித்த ‘ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு’ என்ற விதி நம் தொழிலுக்கும் அப்படியே பொருந்தும். பதிவு விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், அதை ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: மணிநேரக் கணக்கு

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நல்ல காரியத்துக்கு வேலை செய்கிறோம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று பாதி விலை சொல்வார்கள். ஒன்றரை ஆண்டில் களைத்துப்போய் வேறு வேலைக்குப் போவார்கள். அவர்கள் செய்த தளங்கள் அநாதையாகிவிடும். நான் தொடக்கத்தில் சொன்ன மாணவரின் கதையும் இதுதான்.

கணக்கு இப்படி. ஆண்டுக்கு 52 வாரம். விடுப்பு, காய்ச்சல், பண்டிகை என்று 6 வாரம் போனால் 46. வாரம் 40 மணி உழைத்தாலும் கிளையன்டிடம் பில் போடக்கூடியது ஏறக்குறைய 24 மணிதான். மீதி நேரம் கொட்டேஷன், கூட்டம், கணக்கு, கற்றல் என்று போகும். 46-ஐ 24-ஆல் பெருக்கினால் 1104 மணி. அதில் 104 மணியை இலவச வேலைக்கு ஒதுக்குங்கள். மிச்சம் 1000. உங்களுக்கு ஆண்டுக்கு வேண்டிய சம்பளம், வரி, கணினி, இணையம், காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி 1000-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் மணிநேர விலை. அதற்குக் கீழே போனால் சேமிப்பைத் தின்கிறீர்கள்.

சலுகை தரலாம், தர வேண்டும். ஆனால் இன்வாய்ஸில் முழுத் தொகையையும் எழுதி, அதற்குக் கீழே கழிவைக் காட்டுங்கள். அந்த அமைப்பு அடுத்த முறை நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது உண்மையான செலவு என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 104 மணி தீர்ந்த பிறகு வரும் இலவசக் கோரிக்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் தள்ளுங்கள்.

படி 3: முதல் சந்திப்பு

நிறம், லோகோ பற்றிப் பேச அவசரம் வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். தளத்தைத் தினமும் யார் கவனிப்பார்? தளத்துக்கு வருபவர் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்? முடிவு எடுப்பது யார்?

மூன்றாவதைக் கவனமாகக் கேளுங்கள். இந்த அமைப்புகளில் செயற்குழு கூடித்தான் முடிவெடுக்கும். பெரும்பாலும் மாதம் ஒரு முறைதான் கூடும். நீங்கள் பத்தாம் தேதி வடிவமைப்பை அனுப்பி, பதினைந்தாம் தேதிக்குள் பதில் கேட்டால் கிடைக்காது. செயற்குழுத் தேதிகளை முதலில் வாங்கி, அதற்கு நான்கு நாள் முன்பு ஒவ்வொன்றும் அவர்கள் கையில் இருக்கும்படி உங்கள் அட்டவணையைப் போடுங்கள். குழுவின் சார்பில் உங்களோடு பேச ஒரே ஒருவரை எழுத்தில் நியமிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்துக்கு ஐந்து பேர் ஐந்து திருத்தம் அனுப்பினால் யார் சொல்வதைச் செய்வது?

படி 4: சாவிகள்

ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு பத்தி எழுதுங்கள். டொமைன், டி.என்.எஸ். (டொமைனைச் சர்வரோடும் மின்னஞ்சலோடும் இணைக்கும் பதிவுகள்), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வர் இடம்), தளத்தின் நிரல், படங்கள், ஆதரவாளர் பட்டியல் ஆகிய ஆறும் அமைப்பின் பெயரில், அமைப்பின் கணக்கில் இருக்க வேண்டும். பணமும் அவர்களே கட்ட வேண்டும். நமக்கு வேலை செய்யத் தேவையான அனுமதியை அவர்கள் தருவார்கள், வேண்டாதபோது எடுத்துவிடுவார்கள்.

பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. டொமைன் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் சேர்ந்து நிற்கும், மீட்பதற்கான கடிதம் வந்து சேராது. வேறு இடத்தில் ஒரு பொதுப் பெட்டி திறந்து, பொறுப்பில் இருக்கும் இருவர் பார்க்கும்படி வையுங்கள். தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கிவிடுங்கள். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொது டொமைன்கள் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குக் கட்டணம் அதிகம். அது தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்துவைக்கப் பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி இரண்டும் நல்லவை, நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாக் கணக்குக்கும் கட்டாயம்.

படி 5: மென்பொருள்

நாமே எழுதிய சொந்த நிர்வாகப் பலகையைத் தலையில் கட்டாதீர்கள். நாளை வேறொரு டெவலப்பர் வந்தால் அவருக்குப் புரிய வேண்டும். தளத்தின் உள்ளடக்கத்தை எழுதி நிர்வகிக்க 2003-இல் வந்த வேர்ட்பிரஸ், அதற்கு முன்பே வந்த டுரூபல் இருக்கின்றன. இரண்டும் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற ஜி.பி.எல். உரிமத்தில் இருப்பவை, தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள். உறுப்பினர், சந்தா, நன்கொடை என்று கணக்கு வைக்க வேண்டிய அமைப்புக்குச் சிவிசிஆர்எம் இருக்கிறது. இது இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென்றே எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள், வேர்ட்பிரஸோடும் டுரூபலோடும் சேர்ந்து ஓடும். ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் மாறும் ஐந்து பக்கத் தளமென்றால் பக்கங்களை முன்கூட்டியே செய்து வைத்துவிடும் ஹியூகோ போன்ற நிலைத்தளக் கருவி போதும். பிளகின்களை, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்களை, குறைவாக வையுங்கள்.

படி 6: கேட்காத தகவல் கசியாது

ஒரு கோரிக்கை மனுவுக்குப் படிவம் செய்யச் சொன்னார்கள். அவர்கள் அனுப்பிய வரைவில் பெயர், தொலைபேசி, முகவரி, வயது, வேலை செய்யும் இடம் என்று ஏழெட்டுக் கட்டங்கள். “வேலை செய்யும் இடம் எதற்கு?” என்று கேட்டேன். “தெரிந்தால் நல்லதுதானே” என்றார்கள். அந்தப் பட்டியல் முதலாளி கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெயர், மின்னஞ்சல் இரண்டோடு படிவம் முடிந்தது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதையும் முடிவு செய்து, தானாக அழியும்படி அமையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் இதுதான்: தேவையானதை மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும். உங்கள் நாட்டில் சட்டம் எப்படி இருந்தாலும் இதைப் பின்பற்றலாம்.

தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கிட மாட்டோமோ (Matomo) என்ற மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவுங்கள், வருகையாளரின் இணைப்பைக் காட்டிக்கொடுக்கும் ஐ.பி. முகவரியை மறைக்கும் வசதி அதில் உண்டு. வருகையாளர் தகவல் வெளி நிறுவனத்துக்குப் போகாதபடி எழுத்துருக்களையும் சொந்த சர்வரிலிருந்தே கொடுங்கள். தளத்துக்கும் வருகையாளருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்கத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது.

சர்ச்சையான விஷயங்களில் வேலை செய்யும் அமைப்பின் தளத்தைப் போலிக் கோரிக்கைகளால் மூழ்கடித்து முடக்கப் பார்ப்பார்கள். இதற்கென்றே இலவசப் பாதுகாப்பு தரும் திட்டங்கள் உண்டு: கிளவுட்ஃபிளேரின் புராஜெக்ட் கலிலியோ 2014-இலிருந்து நடக்கிறது, கூகுளின் புராஜெக்ட் ஷீல்டும் உண்டு. தாக்குதல் வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம், செய்திமடல். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோரிடம் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் எதிர்பார்க்கின்றன; மின்னஞ்சல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவும் பதிவுகள் இவை. இவற்றை டி.என்.எஸ்.ஸில் சரியாக எழுதாவிட்டால் போராட்ட அழைப்பு ஸ்பேம் பெட்டிக்குப் போகும்.

படி 7: எல்லோரும் படிக்க முடிய வேண்டும்

சமத்துவம் பேசும் அமைப்பின் தளத்தைப் பார்வையற்றவர் படிக்க முடியாவிட்டால் அது நம் தவறு. மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 நெறிமுறையின் இரண்டாம் நிலையான ‘ஏஏ’வைக் குறைந்தபட்சமாக வையுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு அதில் கேட்கப்படுகிறது. வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் தேறாது, #767676 தேறும். பிறகு மவுஸைத் தள்ளிவைத்துவிட்டுத் தளம் முழுவதையும் கீபோர்டிலேயே சுற்றிவாருங்கள். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, நன்கொடைப் படிவத்தைக் காதால் நிரப்பிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பத்துக் குறைகள் தெரியும்.

படி 8: ஒப்படைப்பது

பயிற்சி இரண்டு மணி நேரம். மவுஸ் அவர்கள் கையில், நம் கை மடியில். ஒருமுறை அலுவலகப் பொறுப்பாளர் அம்மா ஒருவர் அறிவிப்பு ஒன்றைத் தட்டச்சு செய்து, ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தினார். வேர்ட்பிரஸ் வலது பக்கத்தில் ஒரு பலகையைத் திறந்து, உறுதிப்படுத்த மறுபடி அதே பொத்தானைக் காட்டியது. அவர் வேலை முடிந்தது என்று நினைத்துப் பலகையை மூடிவிட்டார். அறிவிப்பு வரைவாகவே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் இருந்திருந்தால், “நான் போட்டேனே, வரவில்லையே” என்ற போன் வாரா வாரம் வந்திருக்கும். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் அந்த வெளியீட்டு முன்சோதனையை அணைத்துவிட்டோம். அவர் தடுமாறிய ஒவ்வொரு இடத்தையும் குறித்து, திரைப் படங்களோடு நான்கு பக்கக் கையேடு செய்துகொடுத்தோம்.

படி 9: பராமரிப்பு

மாதக் கட்டணத்துக்கு இவற்றைச் சொல்லுங்கள்: வாரம் ஒருமுறை அப்டேட், தினமும் பேக்கப், எத்தனை மணிக்குள் பதில். பேக்கப்பில் ஒரு பிரதி வேறு நிறுவனத்தின் சர்வரில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வெற்று சர்வரில் ஏற்றி, தளம் எழுகிறதா என்று பாருங்கள். பேரணி, வாக்கெடுப்பு, அறிக்கை வெளியீடு போன்ற நாட்களை நாட்காட்டியில் குறித்து, அதற்கு 48 மணி நேரம் முன்பிருந்து தளத்தில் எதையும் மாற்றாதீர்கள்.

படி 10: அவர்கள் கிளம்பும் நாள்

அமைப்பு வேறு குழுவுக்கு மாறினால் என்ன செய்வது என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நிரல் களஞ்சியத்தின் உரிமை மாற்றம், தரவுத்தளத்தின் பிரதி, கையேடு, புதியவர்களோடு ஒரு மணி நேரப் பேச்சு. இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. நான்காம் படியைச் சரியாகச் செய்திருந்தால் இது ஒரு மதிய வேலை. கடைசியாக அவர்கள் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிய பிறகு, நீங்கள் ஒருமுறை லாகின் செய்ய முயன்று பாருங்கள். உள்ளே போக முடியவில்லை என்று உறுதியானதும் அவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.