காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றிய சாட்சியத்தைப் பதிவுசெய்யும் முறை

2009 மே மாதம் இலங்கையின் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கூறியது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப், அரச கணக்குகளைக் கொண்டே, கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். மறுப்பவர்கள் எண்ணிக்கையை மறுத்துக்கொண்டே இருப்பார்கள். பெயரும் ஊரும் கடைசியாகக் கண்ட இடமும் கொண்ட ஒரு சாட்சியத்தை மறுப்பது அவ்வளவு எளிதன்று. அதைக் குடும்பத்தவரிடமிருந்து கவனமாக எழுதியெடுக்க வேண்டும்.

எதற்காகப் பதிவுசெய்கிறீர்கள், யாரிடம் அது போகும் என்பதை முதலில் விளக்கி, சம்மதம் பெறுங்கள். "ஆமிதானே கொண்டுபோனது?" என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காமல், "அதற்குப் பிறகு என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே குறியுங்கள். திகதி நினைவில்லாத தாயை நெருக்காமல், புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியை விட்டு எல்லோரும் வெளியேறியதற்கு முன்பா பின்பா, வட்டுவாகல் பாலம் கடக்கும்போது மகன் பக்கத்தில் இருந்தாரா என்று நிகழ்வுகளை வைத்துக் காலத்தை நெருங்கலாம். தாய் சொல்லாதவரை "இறந்தவர்" என்று நீங்களாக எழுதக் கூடாது. கிளிநொச்சித் தாய்மார் 2017 பெப்ரவரியில் தெருவோரம் அமர்ந்தது, பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வேண்டித்தான்.

அதிக நேரம் எடுக்க வேண்டியது உடல் அடையாளங்களுக்கு: உயரம், விழுந்த பல், சிறு வயதில் முறிந்து பொருந்திய கை, உடலில் தங்கிய எறிகணைத் துண்டு, கடைசியாக உடுத்திருந்த சட்டையில் எந்தப் பொத்தான் வேறு நிறத்தில் தைக்கப்பட்டிருந்தது என்பது வரை கேளுங்கள். யாழ்ப்பாணத்தின் செம்மணிப் புதைகுழியில் 2025இல் எலும்புக்கூடுகளோடு ஒரு புத்தகப்பையும் பால் போத்தலும் பொம்மையும் வெளிவந்தன. அவற்றை அடையாளம் காட்டக்கூடியது வீட்டாரின் நினைவு ஒன்றுதான்.

பொஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டனர். பின்னர் குற்றத்தை மறைக்கப் புதைகுழிகளைக் கனரக இயந்திரங்களால் தோண்டி வேறிடங்களுக்கு மாற்றியதால், ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன. உறவினரின் இரத்த மாதிரியோடு மரபணுவை ஒப்பிட்டுத்தான் அவர்களில் பெரும்பாலோரை அடையாளம் கண்டார்கள். ஆகவே பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரில் யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே வசிக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். மாதிரியை நீங்களே எடுக்க வேண்டாம், அது நிபுணர்களின் வேலை. நம் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துகொண்டிருப்பதால், இந்தப் பகுதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒலிப்பதிவை வெட்டாமல் ஒட்டாமல் மூலமாகவே வைத்து, ஒரு பிரதியை நாட்டுக்கு வெளியே நம்பிக்கையான இடத்தில் சேருங்கள். சாட்சியின் பெயரும் முகவரியும் சாட்சியத்தோடு ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. எழுதியதை அவருக்கு முழுவதுமாக வாசித்துக்காட்டி, திருத்தச் சொல்வதைத் திருத்தி, வீட்டில் வைத்திருப்பது அவருக்கு ஆபத்தில்லையென்றால் ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள்.