டைல்ஸ் பதித்தாயிற்று, இனி ஸ்கர்ட்டிங்: நீங்களே ஒட்டும் முறை

தரைக்கு டைல்ஸ் பதித்து முடிந்ததும் அறை வேலையே முடிந்துவிட்டது போலத் தோன்றும். சுவரோரம் குனிந்து பார்த்தால், டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவே கால் அங்குல அளவில் ஒரு சந்து ஓடுவது தெரியும். அது கொத்தனாரின் கவனக்குறைவு அல்ல. வெப்பத்தில் தரை சற்றே விரியும். டைல்ஸ் சுவரை முட்டிக்கொண்டிருந்தால் விரிய இடமின்றி எழும்பிவிடும். அதற்காக விட்ட இடம் அது. அந்தச் சந்தை மறைப்பதும், வீடு துடைக்கும் தண்ணீர் சுவர்ப் பூச்சுக்குள் ஏறாமல் காப்பதும், சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டையான ஸ்கர்ட்டிங்கின் வேலை. ரெட் ஆக்சைடு தரை போட்ட பழைய வீடுகளில் சுவரடியில் கறுப்புப் பட்டை ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதற்குத்தான்.

என் வீட்டு முன்னறையில் நான் முதலில் ஒட்டிய ஸ்கர்ட்டிங், அடுத்து வந்த ஐப்பசி மழைக்குள் ஏழு இடங்களில் கழன்றது. விழுந்த துண்டுகளின் முதுகில், பெயின்ட்டுக்கு முன் சுவரில் இழைக்கும் பட்டி வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. பசை டைல்ஸை விடவில்லை, பட்டிதான் சுவரை விட்டுவிட்டது. ஸ்கர்ட்டிங்கின் ஆயுள், ஒட்டுவதற்கு முன்பு சுவரில் செய்யும் வேலையில் இருக்கிறது என்று அன்று புரிந்தது. அதனால் அந்தப் பகுதியை இங்கே கூடுதலாகவே எழுதுகிறேன்.

எத்தனை டைல்ஸ் வேண்டும்

தரைக்குப் பதித்த 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸையே வெட்டிக்கொள்வோம். டைல்ஸின் அளவு 600 மி.மீ. அதை ஆறு பட்டைகளாக்க ஐந்து முறை வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு ஏறக்குறைய 2 மி.மீ. தின்றுவிடும். மிச்சம் 590. ஆறால் வகுத்தால் ஒரு பட்டை 98 மி.மீ., அதாவது 4 அங்குலத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவு. இந்த ஒரு நூல் நமக்கு வசதிதான். பட்டைக்கும் தரைக்கும் இடையே விட வேண்டிய இணைப்பும் அதே அளவு என்பதால், மேல்விளிம்பு சரியாக 4 அங்குலத்தில் வந்து நிற்கும்.

10 அடிக்கு 12 அடி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 44 அடி. வாசலுக்கு 3 அடி கழித்தால் 41. இதற்கு 21 பட்டைகள் போதும், உடைசலுக்கும் மூலைகளுக்கும் சேர்த்து 24 என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக, 4 டைல்ஸ். தரைக்கு வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். பிறகு போனால் அதே பெயரில் வேறு ஷேடு வந்து சேரும்.

வாங்கும் முன் டைல்ஸின் விளிம்பைப் பாருங்கள். மேலே மட்டும் வண்ணம், உள்ளே வேறு நிறம் என்றால் வெட்டிய விளிம்பு கண்ணில் உறுத்தும். அப்படிப்பட்ட டைல்ஸுக்கு அதே வண்ணத்தில் தயாராக விற்கும் ஸ்கர்ட்டிங் துண்டுகளே நல்லது.

மேல்கோட்டைக் கண்டுபிடித்தல்

தரையை அடியாகக் கொண்டு ஒட்டிக்கொண்டே போனால், தரையின் மேடு பள்ளம் அத்தனையும் பட்டையின் மேல்விளிம்பில் அலையாகத் தெரியும். கண் போவது மேல்கோட்டுக்குத்தான். அதை நேராக வைத்துக்கொண்டு, குறைகளை அடி இணைப்பில் கரைத்துவிட வேண்டும்.

டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) கொண்டு சுவர் முழுக்க 3 அடி உயரத்தில் மட்டக்குறி போடுங்கள். ஒவ்வொரு குறியிலிருந்தும் கீழே தரை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கே அளவு மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் தரையின் மேடான இடம். உதாரணமாக ஓரிடத்தில் 36 அங்குலம், ஓரிடத்தில் 35¾ வருகிறது என்றால், 35¾ வந்த இடத்தில் தரை மேடு. அதிலிருந்து 4 அங்குலம் கழித்தால் 31¾. எல்லாக் குறியிலிருந்தும் 31¾ அங்குலம் கீழே இறங்கி, வண்ணப்பொடி தடவிய நூலால் கோடு அடியுங்கள். மேட்டில் அடி இணைப்பு ஒரு நூல் இருக்கும், பள்ளத்தில் மூன்று நூல் வரும்.

இரண்டு நூல் வரை அடைத்துவிடலாம். அதற்கு மேல் போகும் இடங்களுக்கு ஒரு டைல்ஸை ஆறுக்குப் பதில் ஐந்தாக வெட்டி, 118 மி.மீ. பட்டைகளை எடுத்து, அடியைத் தேவையான அளவுக்குச் சீவிக்கொள்ளுங்கள். வாட்டம் கொடுத்த பால்கனி, வராண்டாவில் மட்டும் இந்த மட்டக்கோடு வேண்டாம், வாட்டத்தோடு போங்கள்.

சுவரைக் கொத்திவிடுதல்

பட்டை ஒட்டும் உயரம் முழுவதும் பெயின்ட், பட்டி, பழைய சுண்ணாம்பு எதுவும் இருக்கக் கூடாது. சிமெண்ட் பூச்சு தெரியும் வரை சுரண்டி எடுங்கள். பிறகு சிற்றுளியால் விரற்கடைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன கொத்து போடுங்கள். வழவழப்பான பூச்சில் பசை பிடிக்காது. கொத்தும்போது உள்ளே பொத்தென்ற ஓசை வந்தால் அந்த இடத்துப் பூச்சு ஏற்கெனவே விட்டுவிட்டது. அதை முழுதாகப் பெயர்த்து மறுபடி பூசி, காய்ந்த பிறகே தொடருங்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் குழாய் ஓடும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உளியை வைக்காதீர்கள்.

பூச்சை அறவே வெட்டி எடுத்துவிட்டு, ஸ்கர்ட்டிங் சுவரோடு சமமாக நிற்கும்படி செய்வதும் உண்டு. உட்சுவர்ப் பூச்சு 12 மி.மீ., டைல்ஸும் பசையும் சேர்ந்தால் அதே 12 மி.மீ. என்பதால் கச்சிதமாக உட்காரும். பீரோ சுவரோடு ஒட்டி நிற்கும், தூசியும் தங்காது. பார்க்க எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பூசி முடித்த சுவரில் முதல் முறை செய்பவர் இதில் இறங்கினால் கோட்டுக்கு மேலே உள்ள பூச்சும் சேர்ந்து பெயரும். பூச்சின் மேலேயே ஒட்டிப் பழகுங்கள்.

கடைசியாகத் தூசியைத் தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். தூசியின் மேல் ஒட்டுவதும் பட்டியின் மேல் ஒட்டுவதும் ஒன்றுதான்.

வெட்டுதல்

4 அங்குல கட்டிங் மெஷினில், பல் இல்லாத முழு விளிம்பு டைமண்ட் பிளேடு போடுங்கள். முதல் ஓட்டத்தில் கோட்டின் மேல் 2 மி.மீ. ஆழத்துக்குக் கீறி, அடுத்த ஓட்டத்தில் முழுதாக வெட்டினால் விளிம்பு சிதறாது. இந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. முகக்கவசம், கண்ணாடி இரண்டும் இல்லாமல் வெட்ட உட்காராதீர்கள். வெட்டுமிடத்தில் தண்ணீர் விட்டால் தூசி அடங்கும். ஆனால் அதற்கென்றே செய்த மெஷினில்தான் விட வேண்டும், மின் இணைப்பும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள மின்தடத்திலிருந்து வர வேண்டும்.

மெஷின் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் டைல்ஸை அருகிலுள்ள கிரானைட் பட்டறைக்குக் கொண்டு போங்கள். வெட்டி, மேல்விளிம்பையும் மெருகேற்றித் தருவார்கள். நீங்களே வெட்டினால், ஆறு பட்டைகளில் இரண்டுக்கு மட்டுமே ஒரு பக்கம் தொழிற்சாலை விளிம்பு இருக்கும். அந்த விளிம்பை மேலே வைத்து, வாசலில் நுழைந்ததும் தெரியும் சுவருக்குக் கொடுங்கள். மற்றவற்றின் மேல்விளிம்பை டைமண்ட் பேடால் தேய்த்து மழுக்குங்கள்.

ஒட்டுதல்

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால் வெறும் சிமெண்ட் பால் அதன் முதுகில் பிடிக்காது. விட்ரிஃபைடுக்கு ஏற்றது என்று பையில் எழுதியிருக்கும் டைல்ஸ் பசையை வாங்குங்கள். பையில் சொன்ன தண்ணீர் அளவுக்குக் கலந்து, சில நிமிடம் விட்டு, மறுபடி கிளறுங்கள். அரை மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய அளவு மட்டும் கலந்தால் போதும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றி இளக்கக் கூடாது.

பட்டையின் முதுகைத் துடைத்துவிட்டு, முழுப் பரப்பிலும் பசையைத் தடவி, பல் வைத்த கரணையால் கோடு இழுங்கள். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து ஒட்டும் வழக்கம் உண்டு. அப்படி ஒட்டினால் நடுவில் பொள்ளலாக நின்று, நாற்காலிக் கால் இடித்த அன்றே விரிசல் விடும்.

தொடங்குமிடம் முக்கியம். தரை டைல்ஸின் கோடு வந்து சுவரில் முட்டும் இடத்திலேயே ஸ்கர்ட்டிங் துண்டுகளின் இணைப்பும் வர வேண்டும். தரையில் ஓடிவந்த கோடு அப்படியே சுவரில் ஏறினாற்போல் இருக்கும். ஆகவே மூலையிலுள்ள தரை டைல்ஸ் 15 அங்குலத் துண்டு என்றால், ஸ்கர்ட்டிங்கின் முதல் துண்டையும் அதே கோட்டில் முடியும்படி வெட்டுங்கள். பிறகு முழுப் பட்டைகள் தாமாகப் பொருந்தும்.

அடியில் ஆப்பு வைத்து, பட்டையை நிறுத்தி, மேல்கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நீளமான மட்டப்பலகையை இரண்டு மூன்று பட்டைகளின் மேல் வைத்துப் பாருங்கள், ஒன்று துருத்தினால் அப்போதே அழுத்துங்கள். துண்டுக்குத் துண்டு இடைவெளி சீராக வர 2 மி.மீ. ஸ்பேசர் வையுங்கள். பிதுங்கிய பசையை உடனே வழித்துவிடுங்கள்.

உள்மூலையில் ஒரு பட்டை சுவர் வரை போகட்டும், அடுத்தது அதன் மேல் முட்டி நிற்கட்டும். வெளிமூலைதான் கடினம். இரண்டு துண்டின் பின்பக்கத்தையும் 45 பாகை சாய்வாக வெட்டிச் சேர்க்க வேண்டும். கத்தி முனையாகக் கூர்மையாக்காமல், முகப்பில் 1 மி.மீ. தடிமன் விட்டு வையுங்கள், விளிம்பு சிதறாது. முன்னதாக உடைந்த துண்டுகளில் இரண்டு மூன்று முறை வெட்டிப் பழகுவது நல்லது. மர நிலைக்கால் அருகே 2 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

இணைப்புகளை அடைத்தல்

ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் சரி, பொத்தென்று வந்தால் அதை இப்போதே எடுத்து மறுபடி ஒட்டுங்கள். துண்டுகளுக்கு இடையிலான நெட்டு இணைப்புகளில் தரைக்குப் பயன்படுத்திய அதே நிற கிரவுட்டை (இணைப்பை அடைக்கும் சாந்து) அழுத்தி நிரப்பி, கால் மணி நேரத்தில் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். கறை போக ஆசிட் ஊற்ற வேண்டாம், புதிய கிரவுட்டை அது தின்றுவிடும்.

அடி இணைப்பில் மட்டும் கிரவுட் வேண்டாம். தரையும் சுவரும் தனித்தனியே அசைகின்றன. நடுவில் இறுகிய கிரவுட் சில மாதங்களில் வெடித்து, துடைக்கும் தண்ணீருக்கு வழிவிடும். ஆப்புகளை எடுத்து, தூசியை ஊதி, நன்றாகக் காய்ந்த பிறகு, பூஞ்சை பிடிக்காத சிலிகான் சீலன்ட் இழுங்கள். மேலும் கீழும் டேப் ஒட்டி, குழலின் முனையைச் சாய்வாக வெட்டி, கை நிற்காமல் ஒரே சீராக இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒருமுறை தடவி, சீலன்ட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். ஒரு நாள் கழித்து வீடு துடைக்கலாம்.

பட்டையின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே உள்ள மெல்லிய சந்தைப் பட்டி வைத்து இழைத்து, சுவரின் கடைசிப் பெயின்ட்டை அதற்குப் பிறகு அடியுங்கள். மிஞ்சிய பட்டைகளைப் பரணில் பத்திரமாக வையுங்கள்.