சிபிஆர், சிபிஇசட் காமிக்ஸ் கோப்புகளைக் கணினியில் திறப்பது எப்படி?

சிபிஇசட் என்பது பெயர் மாற்றிய ஜிப் கோப்பு, அதாவது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது. சிபிஆர், அதேபோல ரார் என்ற இன்னொரு வகைக் கட்டு. உள்ளே இருப்பது பக்கத்துக்கு ஒன்றாக ஜேபெக், பிஎன்ஜி படங்கள்தான்.

விண்டோஸில் படிக்க மட்டும் என்றால் சுமத்ரா பிடிஎஃப் என்ற மென்பொருள் போதும். இலவசம், சில எம்பிதான். நிறுவியபின் கோப்பில் ரைட் கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’ போய், சுமத்ராவைத் தேர்ந்தெடுத்து ‘ஆல்வேஸ்’ கொடுங்கள். அடுத்த முறை டபுள் கிளிக்கிலேயே திறக்கும். எஃப்11 அழுத்தினால் முழுத்திரை. நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு யாக்ரீடர்தான் சரி. அட்டைப்படங்களை வரிசையாகக் காட்டும், விட்ட பக்கத்தை நினைவில் வைத்திருக்கும், மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸ் வலமிருந்து இடம் போவது. ரீடரில் மாங்கா மோடைப் போடாமல் இரண்டு பக்கமாக விரித்தால் பக்கங்கள் இடம் மாறி நிற்கும்.

கோப்பு திறக்க மறுக்கிறதா? பழுது என்று உடனே அழித்துவிடாதீர்கள். ஜிப்பாகக் கட்டிய கோப்புக்கு சிபிஆர் என்று பெயர் வைத்துவிடுவது சகஜம்; சில ரீடர்கள் (படிக்கும் மென்பொருள்கள்) பெயரை நம்பி ஏமாறும். கட்டிய கோப்புகளைப் பிரிக்கும் மென்பொருளான 7-ஜிப் பெயரைப் பார்க்காது. அதில் திறந்து ‘இன்ஃபோ’ பட்டனை அழுத்தினால் உண்மையான வகை தெரியும். அதற்கேற்பப் பெயரின் கடைசிப் பகுதியை மாற்றினால் போதும்.

வகை ‘ரார்5’ என்று வந்தால் விஷயம் வேறு. ரார் கோப்புகளைக் கட்டும் மென்பொருளான வின்ரார், 2013-ல் தன் 5.0 பதிப்பில் கொண்டுவந்த வடிவம் அது. அதற்கு முந்தைய ரீடர்களுக்குப் புரியாது. ரீடரைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் படங்களை ஒரு ஃபோல்டரில் பிரித்தெடுத்து, 7-ஜிப்பில் ஜிப்பாகக் கட்டி, சிபிஇசட் என்று பெயர் மாற்றுங்கள். கட்டும்போது கம்ப்ரஷன் லெவலை ‘ஸ்டோர்’ என்று வையுங்கள். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மேலும் அழுத்தினால் நேரம்தான் வீண்.

முதல் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம் வந்தால், கோளாறு படங்களின் பெயரில். 1, 2, 10 என்ற பெயர்களைச் சில ரீடர்கள் எழுத்தாகப் பார்த்து 1, 10, 2 என்று அடுக்கும். 001, 002, 010 என்று மாற்றிக் கட்டினால் ஒழுங்காகும்.

பெயரின் கடைசிப் பகுதியான கோப்பு வகையை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். அதைப் பார்க்க, விண்டோஸ் 11-ல் ஃபோல்டரைத் திறந்து ‘வியூ’, ‘ஷோ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக் செய்யுங்கள். சிபிஆருக்குப் பின்னால் இஎக்ஸ்இ ஒட்டிக்கொண்டிருந்தால் அது காமிக்ஸே இல்லை, கணினியில் ஓடும் ஒரு புரோகிராம்; திறக்காமல் அழித்துவிடுங்கள்.