ஒன்ராறியோவில் பிள்ளையை பிரெஞ்சு இமர்ஷனில், அதாவது ஆங்கிலப் பள்ளியில் பல பாடங்களைப் பிரெஞ்சிலேயே படிக்கும் வகுப்பில், சேர்க்கப் போகிறீர்களா?

முதலில் உங்கள் வீடு எந்தப் பள்ளிச் சபைக்குள் வருகிறது என்று பாருங்கள். பொதுப் பள்ளிகளைத்தான் சொல்கிறேன். கத்தோலிக்கச் சபைகளின் நடைமுறை வேறு. டொராண்டோ சபையில் இமர்ஷன் சீனியர் கிண்டர்கார்ட்டனில் தொடங்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டே. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் வந்தால் யார்க் சபை. அங்கே முதலாம் வகுப்பில்தான். ஒரு வீதி வித்தியாசம், ஒரு வருட வித்தியாசம்! அதனால் சபையின் செய்தி மின்னஞ்சலுக்கு இப்போதே பதிந்துவிடுங்கள்.

"எங்களுக்கு பிரெஞ்சு தெரியாதே, வீட்டுப்பாடத்துக்கு யார் உதவுவது?" என்று என் மச்சாள் கேட்டாள். அங்கே சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலும் அதே கதைதான்; வகுப்பே அவர்களுக்காக அமைந்தது. நீங்கள் தமிழிலேயே கதை வாசியுங்கள். பிரெஞ்சு கார்ட்டூனுக்கு ஒன்ராறியோவின் பிரெஞ்சுத் தொலைக்காட்சி டிஎஃப்ஓ (TFO) இருக்கிறது.

இமர்ஷன் உங்கள் தெருப் பள்ளியில் இல்லாமல் இருக்கலாம். பஸ் உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்.

சரி, இடம் கிடைக்கவில்லையா? ஒன்ராறியோவின் ஆங்கிலப் பள்ளிகளில் 4 முதல் 8ஆம் வகுப்பு வரை கோர் பிரெஞ்சு, அதாவது பிரெஞ்சு ஒரு தனிப் பாடமாக, எப்படியும் உண்டு. ஆனால் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அதில் 600 மணி நேரம். இமர்ஷனில் குறைந்தது 3,800.