ஊர் கலை மன்றம் ஆரம்பிக்கறது எப்படி, அது சரிஞ்சு போகாம பாத்துக்கறது எப்படி

நான் ஒரு சின்ன கலை மன்றத்துல பதினோரு வருஷம் இருந்தேன், கடைசி நாலு வருஷம் செக்ரட்டரி. ஆரம்பிச்சப்போ பத்தொம்பது பேர், நடுவுல எரநூறு தாண்டினோம், மூடறதுக்கு கையெழுத்து போட அஞ்சு பேர்தான் வந்தோம். காசு இல்லாம மூடிட்டாங்கன்னுதான் எல்லாரும் சொல்வாங்க, அதுல பாதிதான் நிஜம். எங்க மன்றம் சரிய ஆரம்பிச்சது எங்களுக்கு ரொம்ப நல்லா போன வருஷத்துல, அது அப்போ யாருக்குமே தெரியல. அதனால இதை ஆரம்பிக்கப் போறவங்களுக்காக மட்டும் எழுதல, இப்போ நல்லா ஓடிட்டு இருக்கற மன்றத்துல இருக்கறவங்க இன்னும் கவனமா படிங்க.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும், மன்றம்னா குழு இல்ல. நாடகக் குழு நாடகம் போடும், பாட்டுக் குழு பாடும், மன்றம் இவங்க எல்லாருக்கும் பொதுவா இருக்கற வேலைய எடுத்து செய்யணும். அமெரிக்காவுல 1949-ல வின்ஸ்டன் சேலம்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச கலை மன்றத்தைத்தான் அந்த நாட்டோட முதல் ஊர் கலை மன்றம்னு சொல்வாங்க, இன்னிக்கும் அது இருக்கு. அந்த மாதிரி மன்றத்தோட அடிப்படையே பல குழுவுக்கு ஒரு குடைங்கறதுதான். அதனால எடுத்த உடனே விழா பண்ணாதீங்க, ஊர்ல இருக்கற எல்லா குழுவையும் ஒரு சாயங்காலம் உக்கார வெச்சு ரெண்டே கேள்வி கேளுங்க: இந்த வருஷம் உங்க நிகழ்ச்சி எந்தெந்த தேதி, உங்ககிட்ட என்ன சாமான் இருக்கு, என்ன இல்ல. எங்களுக்கு முதல் கூட்டத்துலயே மூணு குழு ஒரே சனிக்கிழமைக்கு ஹால் பாத்துட்டு இருக்கறது தெரிஞ்சுது, ஒரு குழுகிட்ட ஸ்டேஜ் லைட் தூங்குது, இன்னொரு குழு அதே லைட்டை வாடகைக்கு எடுக்குது. பொது காலண்டர், பொது சாமான் லிஸ்ட், இது ரெண்டு மட்டும் ஆறு மாசம் ஒழுங்கா நடத்துங்க, மெம்பர் தானா வருவாங்க.

அடுத்தது பைலா, அதாவது மன்றம் நடக்கற விதிகள். போர் அடிக்கும், யாரும் ஆசையா படிக்க மாட்டாங்க, ஆனா எங்கள கழுத்தைப் பிடிச்சது இதுதான். எங்க பைலாவுல கோரம், அதாவது கூட்டம் செல்லறதுக்கு குறைஞ்சது வரவேண்டிய ஆட்கள், மொத்த மெம்பர்ல மூணுல ஒரு பங்குன்னு போட்டிருந்தோம், அப்போ பத்தொம்பது பேர்தானே, ஏழு பேர் வந்தா போதும்னு இருந்துச்சு. எரநூறு ஆனதுக்கப்புறம் பாதி பேர் ஊரை விட்டே போயிட்டாங்க, சில பேர் இறந்தே போயிட்டாங்க, ஆனா பேர் மட்டும் ரிஜிஸ்டர்ல இருக்கு. கூட்டம் போட்டா முப்பது பேர் வர்றாங்க, கோரம் இல்ல, தீர்மானம் செல்லாது, கோரத்தை குறைக்கலாம்னா அதுக்கும் கோரம் வேணும்! ஒன்றரை வருஷம் இப்படியே மாட்டிக்கிட்டு நின்னோம். அதனால ஆரம்பத்துலயே மூணு வரி எழுதிடுங்க. குறிப்பிட்ட மாசத்துக்குள்ள சந்தா கட்டாதவங்க பேர் தானா லிஸ்ட்ல இருந்து போயிடும். கோரம் இல்லாம ஒத்தி வெச்ச கூட்டம் அடுத்த வாரம் அதே நேரம் கூடும், வந்தவங்களே கோரம். தலைவர், செக்ரட்டரி, ட்ரெஷரர் யாரும் தொடர்ந்து இத்தனை வருஷத்துக்கு மேல இருக்க முடியாது. உங்க ஊர் சட்டத்துக்கு இதுல எது ஒத்து வரும்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டிக்கோங்க. பேங்க்ல மூணு பேர் கையெழுத்து கொடுங்க, எந்த ரெண்டு பேர் போட்டாலும் செல்லணும், ஒரே ஆள் கையெழுத்துன்னா அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் வேண்டாம்.

இப்போ காசு. நான் முக்கியமா சொல்ல வந்ததே இதைத்தான்.

எங்களுக்கு ஒரு வருஷம் பெரிய கிராண்ட், அதாவது நிதி உதவி, கிடைச்சுது. எங்க மொத்த வருமானத்துல நூத்துக்கு எழுபது அதுலயே வந்துடுச்சு, சம்பளத்துக்கு ஒரு ஆள் போட்டோம், ஆபீஸ் எடுத்தோம். அதே வருஷம் கமிட்டியில ஒருத்தர், வீடு வீடா போய் சந்தா வாங்கறது நாலு பேரோட ரெண்டு மாச உழைப்பு, வர்றது சின்ன காசு, இது தேவையான்னு கேட்டார். யாருமே எதிர்த்து பேசல, நானும் பேசல, எனக்கும் அலுப்பா இருந்துச்சு. சந்தாவோட போனது அந்த சின்ன காசு மட்டும் இல்லீங்க, ரசீது புக்கோட போய் வாசல்ல நின்னு பேசறப்போதான் பெரியவர் இப்போ வெளிய வர்றதில்ல, பொண்ணு வீணை கத்துக்கறா, போன நிகழ்ச்சி ரொம்ப நீளம்னு எல்லாம் காதுல விழும். அது நின்னதும் எங்களுக்கு ஊரே தெரியாம போச்சு. கிராண்ட் வர ஆரம்பிச்சு நாலாவது வருஷம் அது வரல. திரும்ப போய் சந்தா கேட்டா, மன்றம் இன்னும் இருக்கான்னு கேட்டாங்க.

இது எங்க கதை மட்டும் இல்ல. அமெரிக்காவுல 1973-ல வேலைவாய்ப்புக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு, வேலையில்லாதவங்களுக்காக போட்ட அந்த காசுல ஆயிரக்கணக்கான கலைஞர்களுக்கும் சம்பளம் கிடைச்சுது, ஊர் கலை அமைப்புகள் அதை வெச்சு ஆள் எடுத்துச்சு, 1980-களோட தொடக்கத்துல அந்த திட்டம் நின்னதும் அந்த சம்பளமும் நின்னுச்சு. கலிஃபோர்னியா மாநில கலை மன்றத்துக்கு மாநிலம் கொடுத்த காசை 2003-ல ஒரே பட்ஜெட்ல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல வெட்டினாங்க. 2011-ல கான்சஸ் மாநிலத்துல கவர்னர் கலை ஆணையத்துக்கான காசை ரத்து பண்ணினார், மாநிலம் போட்டாத்தான் மத்திய கலை நிதியும் கொடுப்பாங்கங்கறதால அதுவும் சேந்து போச்சு. மேட்சிங் கிராண்டோட ஆபத்தே இதுதான், ஒரு பக்கம் விழுந்தா மறு பக்கமும் விழும்.

அதனால கிராண்ட் வாங்குங்க, ஆனா வாங்கற நாள்லயே சில வேலை பண்ணிடணும். எந்த ஒரு இடத்துல இருந்து வர்ற காசும் மொத்தத்துல மூணுல ஒரு பங்கை தாண்டக்கூடாதுன்னு வெச்சுக்கோங்க (இது சட்டம் இல்ல, பட்டதுக்கப்புறம் நான் வெச்சுக்கிட்ட அளவு), தாண்டிச்சுன்னா தாண்டின காசை நிரந்தர செலவுல போடாதீங்க, சம்பளம், வாடகைன்னு மாசாமாசம் வர்ற எதுலயும் போடாதீங்க, லைட் வாங்குங்க, பட்டறை நடத்துங்க. ஆறு மாச செலவுக்கு ரிசர்வ் தனி அக்கவுண்ட்ல இருக்கட்டும். கிராண்ட் பேப்பர்ல காசு முன்னாடி வருதா, இல்ல நாம செலவு பண்ணி பில் கொடுத்தப்புறம் வருதான்னு பாருங்க, பின்னாடி வர்ற கிராண்டை கையில காசு இல்லாம ஒத்துக்கிட்டா நிகழ்ச்சி முடிஞ்சு கலைஞர்களுக்கு காசு கொடுக்க முடியாம நிப்பீங்க, அந்த அவமானம் வேண்டாம். சந்தா எவ்ளோ சின்னதா இருந்தாலும் நிறுத்தவே நிறுத்தாதீங்க.

அப்புறம் ஒரு சண்டை வரும், கண்டிப்பா வரும். தொழிலா பண்றவங்கள கூப்பிட்டு தரமா பண்ணணுமா, இல்ல ஊர்ல ஆர்வமா பண்றவங்களுக்கு மேடை கொடுக்கணுமான்னு. பிரிட்டன்லயே இது நடந்திருக்கு. 1940-ல போர் நேரத்துல ஆரம்பிச்ச அமைப்பு முதல்ல ஊர் ஊரா ஆர்வலர்களையும் சேத்து போச்சு, பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் 1942-ல தலைவரா வந்தப்புறம் தொழில்முறை தரம் பக்கம் சாஞ்சுது, 1946-ல அதுவே கிரேட் பிரிட்டன் கலை மன்றம் ஆச்சு, 1956-க்குள்ள வட்டார ஆபீஸ் எல்லாத்தையும் மூடிட்டாங்க. ஆனா லண்டனுக்கு வெளிய இருந்தவங்க சும்மா இருக்கல, தாங்களே வட்டார கலைச் சங்கம் ஆரம்பிச்சாங்க, வடகிழக்கு இங்கிலாந்துல 1961-ல ஒன்னு வந்துச்சு. நாங்க கிராண்ட் வருஷத்துல வெளியில இருந்து பெரிய பேர்களை கூப்பிட்டோம், ஹால் நிரம்புச்சு, ஆனா எங்க ஊர் ஆர்வலர்கள் மேடையேறற சாயங்கால நிகழ்ச்சிய அந்த வருஷம் ரெண்டா குறைச்சோம், அதுல ஆடினவங்க அடுத்த வருஷம் சேர் தூக்க வரல. அவங்க மேல தப்பே இல்ல. ரெண்டுக்கும் தேதியும் காசும் தனித்தனியா எழுதி வெச்சுடுங்க, ஒன்னோட காசை இன்னொன்னு சாப்பிட விடாதீங்க.

ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். எங்க ட்ரெஷரர் ஒரு அம்மா, ஒன்பது வருஷம் அவங்கதான், கணக்கு, ஹால் சாவி, ஈமெயில் பாஸ்வேர்ட், ஸ்பான்சர் நம்பர் எல்லாம் அவங்ககிட்ட. அவங்க ஆஸ்பத்திரியில படுத்தப்போ எங்களால ஒரு செக் கூட போட முடியல, அந்த நிலைமையில அவங்க படுக்கையில இருந்தே போன்ல சொல்லி சொல்லி அனுப்பினாங்க, அதை நெனச்சா இன்னிக்கும் எனக்கு மனசு கனக்குது. அவ்ளோ உழைச்சவங்கள நாங்க தனியா விட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு பொறுப்புக்கும் கூடவே கத்துக்கற ஒரு ஆள் போடுங்க, வருஷத்துல ஒரு நிகழ்ச்சியாவது அந்த ரெண்டாவது ஆளே முழுசா நடத்தட்டும், தப்பு வந்தா வரட்டும். புதுசா வந்த இளசுங்களுக்கு போஸ்டர் ஒட்டற வேலை மட்டும் கொடுத்துட்டு கமிட்டியில பேச விடலைன்னா ரெண்டாவது வருஷம் காணாம போயிடுவாங்க.

பேப்பர் வேலைய தள்ளிப் போடாதீங்க. அமெரிக்காவுல மூணு வருஷம் தொடர்ந்து வருடாந்திர படிவம் கொடுக்கலைன்னு 2011-ல சுமார் 2,75,000 அமைப்புகளோட வரிவிலக்கு போச்சு. ஒரு நோட்ல எது எந்த மாசம்னு எழுதி மாட்டி வைங்க, அவ்ளோதான்.

சரிவு வருதான்னு கண்டுபிடிக்க கணக்கு புக்கை விட மினிட்ஸ் புக், அதாவது கூட்டத்துல பேசினத எழுதி வெக்கற நோட், நல்லது. ஏஜிஎம்ல, அதாவது வருடாந்திர பொதுக்கூட்டத்துல, ஒரு பதவிக்கு ஒரே பேர்தான் வருது, போன வருஷ நிகழ்ச்சியவே தேதி மாத்தி போடறோம், ஹால்ல மேடையில இருக்கறவங்களோட சொந்தக்காரங்க மட்டும்தான், கூட்டத்துல பாதி நேரம் கலைய பத்தி பேசாம ஆபீஸ் வாடகைய பத்தி பேசறோம். இதுல ரெண்டு தெரிஞ்சாலே உடனே சின்னதாக்குங்க. ஆபீஸை விட்டுடுங்க, நிகழ்ச்சிய பாதியாக்குங்க, பழைய காலண்டர் வேலைக்கு திரும்பப் போங்க. நாங்க கௌரவம் பாத்து ரெண்டு வருஷம் ரிசர்வை கரைச்சோம்.

அப்படியும் முடியலைன்னா மூடறதையும் ஒழுங்கா செய்யணும். கையில காசு இருக்கறப்பவே முடிவு எடுங்க, கலைஞர்களுக்கும் ஹாலுக்கும் பாக்கி எல்லாம் தீத்துட்டுத்தான் மூடணும். மிச்ச சொத்தை மெம்பர்களே பிரிச்சுக்க பொதுவா சட்டம் விடாது, இதே மாதிரி வேலை பண்ற வேற அமைப்புக்கு கொடுக்கணும், எங்க லைட் ரெண்டு நாடகக் குழுவுக்கு போச்சு. போட்டோ, கேசட், நோட்டீஸ், மினிட்ஸ் புக் எல்லாம் யார் வீட்டு பரண்லயும் வைக்காதீங்க. போட்டோ பின்னாடி பென்சில்ல பேரும் தேதியும் எழுதி, கேசட்டை டிஜிட்டல் பண்ணி, லிஸ்ட் போட்டு நூலகத்துல ரசீது வாங்கி ஒப்படைங்க. பேர் எழுதற வேலைய மூத்தவங்க இருக்கறப்பவே பண்ணிடுங்க, எங்க முதல் விழா போட்டோவுல மிருதங்கம் வாசிக்கறவர் யாருன்னு சொல்ல இப்போ ஆள் இல்ல.